திருவரங்கம் தீவு: மேலணை முதல் கல்லணை வரை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கோயில் அறிவிப்புப் பலகை, முடிதிருத்தும் கடைக் கண்ணாடி, சாப்பாட்டுக் கடைச் சுவர் எங்கும் ஒரே மாதிரி விளம்பரம்தான்: ‘ஏழு நாள், பதினெட்டுக் கோயில், திருச்சி வழி’. அதில் திருவரங்கத்துக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். பேருந்து தெற்கு வாசல் பக்கம் நிற்கும். இறங்கி, ராஜகோபுரத்தின் முன் படம் எடுத்து, வரிசையில் நின்று, பெரிய பெருமாளை அரை நிமிடம் பார்த்துவிட்டுத் திருவானைக்காவுக்கு ஓடினால் அங்கே நடை சாத்தியிருக்கும். ஊர் திரும்பியவர்களிடம் “அது ஆற்றுக்கு நடுவில் இருக்கும் தீவாமே?” என்று கேளுங்கள். “தீவா? எங்கே?” என்பார்கள். காவிரிப் பாலத்தைத் தூங்கிக்கொண்டே கடந்திருப்பார்கள்.

குறை சொல்ல மட்டும் இந்தக் கடிதம் இல்லை. அந்தத் தீவை இரண்டு முழு நாள் ஒதுக்கி, மேற்கு முனை முதல் கிழக்கு முனை வரை பார்க்க முடியும். செலவும் பெரிதாகக் கூடாது. எந்த மாதம் போவது, எந்த நேரத்தில் எங்கே நிற்பது, எதில் ஏமாறுகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பயணம் ஏற்பாடு செய்பவர்களும் போகிறவர்களும் படிக்கட்டும் என்று விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில் நில அமைப்பு. மேற்கேயிருந்து அகலமாக வரும் காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. தென்கிளை காவிரி என்ற பெயரையே வைத்துக்கொள்ளும். வடகிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று பொருள் சொல்வார்கள். கிழக்கே கல்லணையில் இரண்டும் மறுபடி தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கி, பிறகு தனித்தனியே கடலுக்குப் போகின்றன. நடுவே அகப்பட்ட நிலம்தான் தீவு. நீளம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர், அகலம் இரண்டு மூன்று கிலோமீட்டர். நீட்டிப் படுத்த வெள்ளரிக்காய் மாதிரி. நடுவயிற்றில் திருவரங்கமும் திருவானைக்காவும், இரண்டு முனையிலும் அணைகள், மீதியெல்லாம் வாழை, நெல், தென்னை.

அடுத்ததுதான் நம்மவர்கள் அதிகம் கோட்டை விடும் விஷயம்: தண்ணீர். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆறு என்றால் எப்போதும் தண்ணீர் ஓடுவது. கோலகங்சாருக்குப் பக்கத்தில் காராய் பாலத்தின் மேல் எந்த மாதம் நின்றாலும் பேராக் ஆறு செம்மண் நிறத்தில் கீழே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதன் குறுக்கேயும் செண்டரோ அணை 1930 முதல் இருக்கிறது. ஆனாலும் ஆண்டு முழுவதும் மழை பெய்கிற நாடு இது, ஆறு வற்றாது. காவிரியின் கணக்கு வேறு. திருச்சிக்கு வரும் தண்ணீரைத் தீர்மானிப்பது மேட்டூர் அணை. 1934-ல் கட்டி முடித்த அந்த அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். இடைப்பட்ட பிப்ரவரி முதல் மே வரை போனால், அரை கிலோமீட்டருக்கும் மேல் அகலமான வெறும் மணலைத்தான் பார்ப்பீர்கள். நடுவில் ஓடை மாதிரி கொஞ்சம் நீர், கரையோரம் மாடு மேயும். ‘காவிரி எங்கே’ என்று கேட்டுக்கொண்டே காவிரியின் மேல் நின்றுகொண்டிருப்பீர்கள்.

ஜூன் 12 கல்லில் வெட்டிய தேதியும் அன்று. அணையில் இருப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது அது. 2022-ல் முன்னதாகவே மே 24-ல் திறந்தார்கள். 2024-ல் இருப்பு போதாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. திறந்த தண்ணீர் முக்கொம்பு வந்து சேர மூன்று நான்கு நாள் பிடிக்கும். ஆகவே விமானச் சீட்டு எடுக்கும் முன் தமிழ்நாட்டுச் செய்தியில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிடுங்கள். முழு உயரம் 120 அடி. ஜூலைத் தொடக்கத்திலேயே நூறைத் தாண்டியிருந்தால் ஆடி மாதத்தில் ஆறு நிறைந்திருக்கும் என்று நம்பிப் போகலாம்.

எங்கள் கணிப்பில் ஆகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஆடிப் பதினெட்டின் நெரிசல் அடங்கியிருக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைக் கூட்டம் தொடங்கியிருக்காது, ஆற்றில் தண்ணீரும் இருக்கும். அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை. குடை பிடித்துக்கொண்டு கோயில் பார்க்கலாம், தோப்புப் பக்கம் நடக்க முடியாது. நம் ஆண்டு இறுதி விடுமுறையில் ஆற்றில் நீர் இருக்கும்; ஆனால் மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளுக்கும் மேல் திருவிழா, அதன் நடுவே வைகுண்ட ஏகாதசி. அந்த வாரம் தீவில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு, கிடைத்தாலும் வாடகை பல மடங்கு. ஏகாதசி எந்தத் தேதி என்பதை உங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் நாட்காட்டியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சொர்க்கவாசல் பார்க்கத்தான் போகிறோம் என்றால் அது தனிப் பயணம். அதோடு சுற்றிப் பார்ப்பதைக் கலக்காதீர்கள்.

கொள்ளிடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடபக்கம் அறை எடுத்து “ஆற்றுக் காட்சி” என்று கூடுதல் வாடகை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் மணல் காட்சிதான். கொள்ளிடத்தின் படுகை காவிரியைவிடத் தாழ்வானது, சரிவும் அதிகம். விட்டால் தண்ணீர் முழுவதும் அந்தப் பக்கம்தான் ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் நடந்தது. காவிரியின் வாய் மண்மேடிட்டுத் தஞ்சை வயல்கள் காயத் தொடங்கின. அதைத் தடுக்கத்தான் ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். இன்றும் சாதாரண நாட்களில் நீரைக் காவிரிக்குத் திருப்பிவிட்டு, வெள்ளம் வந்தால்தான் கொள்ளிடத்துக்கு விடுவார்கள். கொள்ளிடம் நிறைந்து ஓடுகிறது என்றால் வேடிக்கை பார்க்க அழகுதான், ஆனால் அது எச்சரிக்கை மணியும்கூட.

இனி நாள் கணக்கு.

முதல் நாள் காலை கோயில். ஐந்தரை மணிக்கே எழுந்துவிடுங்கள். இந்திய நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், நம் உடம்புக்கு அது எட்டு மணி. முதல் நாள் எழுவது சிரமமே இல்லை, அந்தச் சலுகையை வீணாக்காதீர்கள். விடியலில் விசுவரூப தரிசனம், யானையும் பசுவும் வரும். அதற்குப் பிறகு நடை சாத்தி மீண்டும் ஒன்பது மணி வாக்கில் திறப்பார்கள். நண்பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும், அந்தி சாயும் வேளையிலும் மூலவர் தரிசனம் நிற்கும். சுற்றுலாப் பேருந்துகள் சரியாகப் பதினொன்றரைக்கு வந்து இறங்குவது எந்தக் கணக்கில் என்று எங்களுக்குப் புரிந்ததே இல்லை.

கோயில் 156 ஏக்கர், ஏழு திருச்சுற்று, 21 கோபுரம். வெளிச்சுற்றுகள் மதிலுக்குள் அடங்கிய தெருக்களே: வெளியிலிருந்து அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்தர வீதி. அங்கே வீடு, கடை, பால் பூத், மிதிவண்டி எல்லாம் உண்டு. ராஜகோபுரம் 13 நிலை, 236 அடி. அடிப்பகுதி மட்டும் விஜயநகர காலத்தில் எழும்பி, நானூறு ஆண்டுக்கு மேல் மொட்டைக் கோபுரமாக நின்று, 1987 மார்ச்சில்தான் குடமுழுக்குக் கண்டது. அதன் அடியிலேயே நின்று படம் எடுத்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். ரங்க விலாச மண்டபத்துப் பக்கம் சீட்டு வாங்கி மாடிக்கு ஏறுங்கள். பொன் வேய்ந்த விமானமும் அடுக்கடுக்காகக் கோபுரங்களும் தென்னந்தோப்புக்கு நடுவில் நிற்பது அங்கிருந்துதான் முழுதாகத் தெரியும். காலை வெயில் ஏறும் முன் போக வேண்டும். பிறகு தளம் கொதிக்கும்.

இரண்டு இடங்களை அவசரப்படாமல் பாருங்கள். ஒன்று, ஆயிரங்கால் மண்டபத்துக்கு எதிரே உள்ள சேஷராயர் மண்டபம். முன்வரிசைத் தூண்களில் குதிரைகள் முன்னங்கால் தூக்கி நிற்கும், மேலே வீரன். எல்லாரும் குதிரையின் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கீழே குனிந்து பாருங்கள்: வேட்டைக்காரன் புலியின் உடம்பில் ஈட்டியைப் பாய்ச்சிக்கொண்டிருப்பான், குதிரையின் குளம்பு அந்தப் புலிக்கு மேலே நிற்கும். கடிவாளத்தின் வார், சேணத்தின் குஞ்சம் வரை எல்லாம் ஒரே கல். இன்னொன்று வேணுகோபாலன் சன்னதியின் வெளிச்சுவர். வீணை மீட்டும் பெண், கண்ணாடி பார்க்கும் பெண், கிளியோடு பேசும் பெண் எல்லாரும் அங்கே நிற்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்து ‘எத்தனை பேர், யார் என்ன செய்கிறார்கள்’ என்று எண்ணச் சொன்னால் அழுகை, அடம் எதுவும் இருக்காது. இந்தக் கோயிலின் புதுப்பிப்பு வேலைக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுக் காப்பு விருது கிடைத்தது. அடைபட்டுப் போயிருந்த பழைய மழைநீர் வடிகாலை மீட்டதும் அந்த வேலையில் அடங்கும்.

காலுக்கு ஒரு எச்சரிக்கை. சிலிப்பரை வாசலில் விட்டுவிட்டு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கல்தரையில் நடக்க வேண்டும். பத்தரைக்கு மேல் வெயில் படும் இடத்தில் கால் வைக்க முடியாது. தென்னைநார் விரிப்பு இருக்கும் வழியை விட்டு விலகாதீர்கள். பழைய காலுறை ஒரு சோடி பையில் இருந்தால் பெரியவர்களுக்கு உதவும். நீரிழிவு உள்ளவர்கள் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். சுட்டது தெரியாமல் கொப்புளம் போட்டு, ஊர் திரும்பிய பிறகு புண்ணாகி அவதிப்படுவார்கள். முதியோருக்குச் சக்கர நாற்காலியும் மின்கல வண்டியும் கோயிலிலேயே உண்டு. வாசலில் கேட்டால் காட்டுவார்கள். அரைக்கால் சிலுவார் வேண்டாம். தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே உறவினர் எல்லாருடைய எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்துபோனால் ‘ராஜகோபுரத்தின் கீழே’ என்று சொல்லாதீர்கள். அங்கே ஆயிரம் பேர் நிற்பார்கள். ஒரு கடையின் பெயரைச் சொல்லி வையுங்கள்.

பதினொரு மணிக்குக் கிளம்பித் திருவானைக்கா போய்விட வேண்டும். கிழக்கே இரண்டு கிலோமீட்டர்தான், ஆட்டோ போதும். காரணம் உச்சிக்கால பூசை. பகல் பன்னிரண்டு மணியளவில் அகிலாண்டேசுவரி சன்னதி அர்ச்சகர் அம்மனின் சேலையை உடுத்தி, கிரீடம் வைத்து, மேளத்தோடு சம்புகேசுவரர் சன்னதிக்கு நடந்து வருவார். அம்மனே வந்து ஈசனைப் பூசிப்பதாக ஐதீகம். பிறகு கோபூசை. பூசை முடிந்து சிறிது நேரத்தில் நடை சாத்திவிடுவார்கள். மூலவர் நீர் லிங்கம். கருவறை தாழ்ந்த தளத்தில் இருக்கிறது, லிங்கத்தைச் சுற்றிக் கீழிருந்து ஊற்று நீர் கசியும். ஒன்பது துளை வைத்த கல் சாளரத்தின் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கண் இருட்டுக்குப் பழகச் சில நொடி பிடிக்கும், அதற்குள் நகரச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே வெளிச்சத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டால் உள்ளே தெரியும். ஆற்றுக்கு நடுவில் நிற்கிறோம் என்பது அந்த ஈரத்தைப் பார்த்தால் தன்னால் புரியும்.

பசியாற வழி: திருவானைக்காவில் பார்த்தசாரதி விலாசின் நெய் ரோஸ்ட் பேர்போனது. கடை சிறியது, கூட்டம் அதிகம்.

மாலை நான்கரைக்கு அம்மா மண்டபம். காவிரியின் படித்துறை. ஆறு நிறைந்திருக்கும்போது தீவின் மிக அழகான மாலை இங்கேதான்: எதிர்க்கரைக்குப் பின்னால் மலைக்கோட்டை, படியில் விளக்கு விடும் பெண்கள், தண்ணீரின் மேல் மஞ்சள் வெயில். பலர் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் இங்கே வருவார்கள். அதற்கு மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலருக்குத் தாத்தாவின் பெயரே தெரியாது. தோட்டத்துப் பதிவில் கிராணி (தோட்ட எழுத்தர்) காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் பிறப்புப் பத்திரத்தில் இருக்கும். கிளம்பும் முன் வீட்டில் மூத்தவர்களைக் கேட்டு எழுதி எடுத்துப் போங்கள். கோத்திரம் தெரியாவிட்டால் சிவகோத்திரம் என்று சொல்வது வழக்கம். அதற்காக யாரும் தட்டிக்கழிக்க மாட்டார்கள். தட்சிணை எவ்வளவு, அதில் பூசைப் பொருள் அடங்குமா என்பதை உட்காரும் முன்பே பேசி முடிக்க வேண்டும். எழுந்த பிறகு பேசினால் வாக்குவாதம்தான்.

குளியல் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முக்கொம்பிலும் கல்லணையிலும் உயிர் போகிறது. நீந்தத் தெரிந்தவர்களும் போகிறார்கள். காரணம் மூன்று. படுகை மணல், ஆனால் சமமான மணல் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கடியில் தெரியாது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போய்விடுவார், காலடி மணலும் சரியும். இரண்டாவது, மதகுக்குக் கீழே விழும் நீர் தரையைக் குடைந்து சுழல் உண்டாக்கும். மேலே பார்க்க அமைதியாக இருக்கும், உள்ளே இழுக்கும். மூன்றாவது, மேட்டூரில் திறப்பு கூடினால் நீர்மட்டம் ஏறும்; திருச்சியில் மழையே பெய்யாமல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் ஏறும். நம் ஊரில் ஆற்று நீர் கலங்கினால் மேலே மழை என்று ஊகித்துக் கரையேறுவோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. அம்மா மண்டபத்தில் கடைசிப் படியைத் தாண்டாதீர்கள். படியில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டாலும் காவிரிதான். தண்ணீருக்குள் இருக்கும் படியில் பாசி பிடித்திருக்கும். பெரியவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். காவலர் தடுப்பு வைத்திருந்தால் அன்று தலையில் தெளித்துக்கொண்டு திரும்பிவிட வேண்டியதுதான்.

இரண்டாம் நாள் தீவின் இரண்டு முனை. இதற்கு ஒரு காடி (கார்) வேண்டும். வாடகை பேசும்போது ஓட்டுநர் பேட்டா, நிறுத்தக் கட்டணம், எத்தனை கிலோமீட்டர் வரை என்ற மூன்றையும் கேளுங்கள்; இதைக் கேட்காமல் மாலையில் சண்டை போடுகிறவர்கள்தான் அதிகம்.

காலை முக்கொம்பு. திருச்சியிலிருந்து கரூர் சாலையில் 18 கிலோமீட்டர். பூங்கா, சிறுவர் விளையாட்டு எல்லாம் உண்டு. அவை சுமார்தான், ஈப்போவில் பார்க்காததா? பார்க்க வேண்டியது மதகுப் பாலம். பாலத்தில் நடந்து போனால் ஒரே ஆறு கண்முன்னே இரண்டாவதைப் பார்க்கலாம். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கொள்ளிடப் பக்கத்துப் பழைய அணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஏறத்தாழ 180 ஆண்டு உழைத்த கட்டுமானம். அதன் பிறகுதான் புதிய கதவணை எழுந்தது. வறுத்த மீன் விற்பார்கள். எண்ணெய் கறுத்திருந்தால் கடந்து போங்கள்.

அங்கிருந்து திரும்பி மேலூர்ப் பக்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. 2015-ல் திறந்தது, 25 ஏக்கர், இரண்டு ஆற்றுக்கும் நடுவில். பிள்ளைகளுக்கு இந்தத் தீவில் மிகவும் பிடிக்கும் இடம் இதுதான். வண்ணத்துப்பூச்சி வெயில் ஏறிய பிறகே பறக்கும். ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை பொருத்தமான நேரம். மழை மேகம் கவிந்த நாளில் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், ஒன்றும் தெரியாது. மழைக்குப் பின்வரும் மாதங்களில் எண்ணிக்கை கூடும், கோடையில் ஏமாற்றம்தான். வாரத்தில் ஒருநாள் அடைத்திருப்பார்கள்; புறப்படும் முன் ஓட்டுநரிடம் விசாரித்துவிடுங்கள்.

பிற்பகல் கல்லணை. பலர் தஞ்சாவூர் போகிற வழியில் பெரிய சாலையிலிருந்து கிளை பிரிந்து போவார்கள். நீங்கள் தீவுக்குள்ளேயே போங்கள்: திருவானைக்காவிலிருந்து திருவளர்சோலை, உத்தமர்சீலி, கிளிக்கூடு வழி, ஏறத்தாழ 20 கிலோமீட்டர். சாலை காவிரிக் கரையை ஒட்டியே போகும். வலப்பக்கம் ஆறு, இடப்பக்கம் வாழை. தீவின் உண்மையான அழகு இந்தச் சாலைதான், எந்தப் பயணப் பட்டியலிலும் இது இல்லை. ஒன்று மட்டும் கவனம்: உத்தமர்சீலி அருகே கரை தாழ்வு. காவிரியில் வெள்ளம் மிஞ்சினால் தண்ணீர் அங்கே சாலையைத் தாண்டிக் கொள்ளிடத்தில் விழும், போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். அம்மா மண்டபத்தில் தடுப்பு வைத்த நாளில் இந்த வழியையும் விசாரிக்காமல் போகாதீர்கள்.

கல்லணையின் வேலை என்ன என்று தெரிந்துகொண்டு பார்த்தால்தான் சுவை. தீவு முடிகிற இடத்தில் காவிரி மறுபடியும் தாழ்வான கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடப் பார்க்கும். அதை மறித்துத் தஞ்சைப் பக்கம் திருப்பவே கரிகாலன் அணை கட்டினான். ஆற்று மணலுக்கு அடித்தளம் தோண்ட முடியாது. பெரிய பாறைகளைப் போட்டு, அவை அமிழ அமிழ மேலே அடுக்கி, இடையில் களிமண் பூசிக் கட்டியது என்பார்கள். நீளம் சுமார் 1,080 அடி, நேர்க்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து போகும். இன்று மேலே தெரியும் மதகுகளும் பாலமும் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவை. ‘இதுவா ஈராயிரம் ஆண்டுப் பழையது?’ என்று மதகைத் தட்டிப் பார்க்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறோம். இங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்கு வழி. கால்வாயைப் புது ஆறு என்பார்கள். 1934-ல் மேட்டூரோடு சேர்ந்து வந்தது. நீர்க்காகமும் கொக்கும் மதகடியில் மீனுக்குக் காத்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல் நிழல் விழும், அப்போது போங்கள்.

தாத்தா ஊர் லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி என்று சொல்லக் கேட்டவர்கள் நம்மில் ஏராளம். அவை கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் வடக்கே உள்ளவை. தீவில் தங்கினால் பாலம் தாண்டி அரைநாளில் போய்வரலாம். மூன்றாவது நாள் இருந்தால் இதற்கு ஒதுக்குங்கள், இன்னொரு கோயிலுக்கு வேண்டாம்.

தங்க, கோயில் நிர்வாகத்தின் யாத்ரி நிவாஸ் பஞ்சக்கரைச் சாலையில் இருக்கிறது. குழுவாகப் போகிறவர்களுக்குக் கட்டுபடியாகும், முன்பதிவு வேண்டும். போக்குவரத்துக்கு ஒன்றாம் எண் நகரப் பேருந்து. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்துகள் 2025 முதல் ஊருக்குத் தெற்கே பஞ்சப்பூர்ப் புதிய முனையத்துக்கு மாறியிருக்கின்றன. பழைய நினைவில் மத்தியப் பேருந்து நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

கிளம்பும் முன்: மின்விசாவை இந்திய அரசின் இணையத்தளத்தில் மட்டும் விண்ணப்பிக்கவும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தரகர் தளங்கள், பல மடங்கு பணம் பறிக்கும். பெயர் கடப்பிதழில் உள்ளபடி எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும். ‘த/பெ’ என்பதை நுழைக்கலாமா என்று குழம்பி மாற்றி எழுதுவதால்தான் பலருக்குத் தகராறு. அக்டோபர் 2025 முதல் வருகை அட்டையையும் இணையத்தில், இறங்குவதற்கு முந்திய 72 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். வீட்டு இளவட்டங்களிடம் சொல்லுங்கள்: இந்தியாவில் மின்சிகரெட் 2019 முதல் சட்டப்படி தடை, வேப்பைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். டிரோனும் சுங்கத்தில் பறிபோகும். நம் மூன்று சதுரக்கால் பிளக் அங்கே நுழையாது, மாற்றுச் செருகி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். மலேசிய வெள்ளியை (ரிங்கிட்) திருச்சியிலேயே மாற்றலாம், நாணய மாற்றுக் கடைகளுக்கு நம் பணம் பழக்கம். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். அங்கே பூக்காரம்மாகூடக் கைப்பேசியில்தான் பணம் வாங்குகிறார், சில்லறை கொடுக்க யாரிடமும் இல்லை.

கடைசியாக, வாழை. தீவில் பூவன், ஏலரிசி, கற்பூரவல்லி, ரஸ்தாளி எல்லாம் காய்க்கும். நாம் பசாரில் ‘பீசாங் ரஸ்தாலி’ என்று வாங்குவது இந்த ரஸ்தாளியைத்தான். பெயரோடு கப்பலேறி வந்த பழம். கல்லணைச் சாலையோரம் மரத்திலேயே முற்றிய தார் வாங்கித் தின்று பார்த்தால் வித்தியாசம் தெரியும். தின்ற கையோடு ‘ஒரு கன்று கொடுங்க’ என்று கேட்டு, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிறவர்கள் நம்மவர்கள்தான். அனுமதிப் பத்திரம் இல்லாமல் செடி, கன்று, மண் எதையும் மலேசியாவுக்குள் கொண்டுவரக் கூடாது. வாடல் நோய் மண்ணிலும் கிழங்கிலும் ஒட்டிக்கொண்டு வரும், ரஸ்தாளிக்கு அது சீக்கிரம் பிடிக்கும். வீட்டுக் கொல்லையில் ஒரு கன்று பட்டால் பக்கத்துச் சின்னத் தோட்டக்காரர் அத்தனை பேருக்கும் நட்டம். பழத்தை அங்கேயே வயிறார தின்றுவிட்டு, கையை வீசிக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்